உருக்குவதா, மீண்டும் எடுத்தாள்வதா? ஈசூன் காட்டும் எரிசக்திக் கணக்கு

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நாள்தோறும் நம் கைக்கு வந்து, சில நிமிடங்களிலேயே நம் கையை விட்டு நீங்கும் பொருள்களைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். தண்ணீர்ப் போத்தல், கடைக்காரர் பொருளைப் போட்டுத் தரும் பை, சோறு வாங்கிவரும் பெட்டி, திருவிழாவில் நீர்மோர் வழங்கும் குவளை ஆகிய இவை அனைத்தும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. ஒருமுறை பயன்பட்ட பின் இவற்றிற்கு மூன்று வழிகள் உண்டு. கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். உருக்கி வேறு பொருளாக வார்க்கலாம். எரிக்கலாம் அல்லது புதைக்கலாம். இரண்டாவது வழியைத்தான் மறுசுழற்சி என்கின்றோம். பச்சை அம்புக்குறி பொறித்த தொட்டியில் போட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை எரிசக்திக் கணக்கைக் கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இதற்கு எடுத்துக்காட்டாகச் சிங்கப்பூரின் ஈசூன் நகரை எடுத்துக்கொள்கின்றேன். காரணம் உண்டு. ஈசூன் என்பது லிம் நீ சூன் என்னும் பெருவணிகரின் பெயரிலிருந்து வந்தது. 1879இல் பிறந்து 1936இல் மறைந்த அவர், ரப்பரையும் அன்னாசியையும் பயிரிட்டுப் புகழ்பெற்றவர். 'நீ சூன்' என்பது தியோச்சிய மொழி ஒலிப்பு. அதனையே சீனப் பொதுமொழியில் ஒலித்தால் 'ஈசூன்' என்றாகும். அருகிலுள்ள சோங் பாங் வட்டாரமும் அவருடைய மைந்தரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இன்று அடுக்குமாடி வீடுகள் எழுந்து நிற்கும் அந்நிலத்தில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன. நம் தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து அங்கே வேலைக்குச் செல்வோரும், உறவுமுறையால் அந்நகரோடு தொடர்புடையோரும் உங்களில் இருக்கலாம். நேற்று தோட்டமாக இருந்த இடம் இன்று நகரமாகிக் குப்பைச் சிக்கலை எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதை அறிந்துகொண்டால், நாளை நம் தோட்டத்திற்கு அது பயன்படும்.

முதலில் நமக்குப் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குவோம். பால் வெட்டும் நிரையில் 500 மரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டினால், மழைநாளும் ஓய்வுநாளும் போக, ஒவ்வொரு மரத்தின் மங்கும் ஆண்டிற்கு நூறு முறைக்கு மேல் நிரம்பிக் காலியாகும். ஒருமுறை பால் எடுத்தவுடன் மங்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது மாட்டுவது வழக்கமாயிருந்தால், ஒரே நிரைக்கு ஆண்டொன்றிற்கு 50,000 மங்குகள் வேண்டியிருக்கும். எந்தத் தோட்டமும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. மங்கைத் துடைத்து மீண்டும் கவிழ்த்து வைக்கின்றோமே, அந்தச் சிறு செயலில்தான் பெருஞ்சிக்கனம் அடங்கியிருக்கின்றது. மரத்தடியில் இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கும் நாம், வீட்டிற்கு வந்ததும் போத்தலையும் பையையும் ஒருமுறையோடு எறிந்துவிடுகின்றோம்.

இனி, ஒரு போத்தலின் கணக்கைப் பார்ப்போம். மின்சாரக் கட்டணச் சீட்டில் நாம் காணும் 'யூனிட்' என்னும் அளவையே இங்கே பயன்படுத்துகின்றேன். எண்ணெய், எரிவாயு, மின்சாரம் ஆகிய எல்லாவற்றின் ஆற்றலையும் அந்த ஒரே அளவிற்கு மாற்றிச் சொல்கின்றேன். பத்து வாட் விளக்கு நூறு மணிநேரம் எரிந்தால் ஒரு யூனிட் செலவாகும்.

தண்ணீர்ப் போத்தல் செய்யப் பயன்படும் பிளாஸ்டிக்கை ஒரு கிலோகிராம் அளவு புதிதாக உண்டாக்க ஏறக்குறைய 22 யூனிட் எரிசக்தி வேண்டும். பிளாஸ்டிக்கிற்கு மூலப்பொருளே எண்ணெயும் எரிவாயுவும் ஆகும். ஆதலால் இந்த 22 யூனிட்டில் ஏறத்தாழப் பாதி, அப்பொருளுக்குள்ளேயே அடங்கிப்போன எண்ணெயின் ஆற்றல். மீதிப் பாதி, ஆலையிலே அதனை வடித்தும் இணைத்தும் வார்த்தும் உருவாக்குவதற்கு ஆகும் செலவு. ஒன்றரை லிட்டர் போத்தல் 30 கிராம் எடையுள்ளது எனக் கொண்டால், அதற்கு 0.66 யூனிட் ஆகின்றது. பத்து வாட் விளக்கொன்றை இரண்டரை நாள்களுக்கு மேலாக அணையாமல் எரிய வைக்கும் அளவு அது. அந்தப் போத்தலை நாம் ஒரு மணி நேரத்தில் காலி செய்து எறிந்துவிடுகின்றோம்.

உள்ளே இருக்கும் தண்ணீரின் கணக்கு என்ன? சிங்கப்பூரில் குடிநீரின் ஒரு பகுதி கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறப்படுகின்றது. ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஏறக்குறைய 3.5 யூனிட் ஆகின்றது. அவ்வாறெனில் ஒன்றரை லிட்டருக்கு ஆவது சுமார் 0.005 யூனிட் மட்டுமே. கடலைக் குடிநீராக்குவதற்கு ஆகும் செலவைப்போல் நூறு மடங்கிற்கு மேல், அதனை அடைத்து வைக்கும் போத்தலுக்கு ஆகின்றது. சரக்கைவிடச் சாக்கு விலையுயர்ந்தது என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இப்போது மறுசுழற்சிக்கு வருவோம். போத்தலைச் சேகரித்து, வகை பிரித்து, கழுவி, நொறுக்கி, உருக்கி மணியாக்கினால் எவ்வளவு மிச்சமாகும்? 2018இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் மறுசுழற்சியாளர் சங்கம் வெளியிட்ட ஆய்வின்படி, தண்ணீர்ப் போத்தல் பிளாஸ்டிக்கை இவ்வாறு மீட்டெடுக்கும்போது, புதிதாக உண்டாக்குவதைவிட 79 விழுக்காடு எரிசக்தி குறைகின்றது. சலவைத்தூள் நீர்மம், பால் முதலியவை அடைத்துவரும் கெட்டியான போத்தல் வகைக்கு 88 விழுக்காடு குறைகின்றது. எண்ணெயின் ஆற்றல் பொருளுக்குள்ளேயே காப்பாற்றப்படுவதால் இவ்வளவு பெரிய மிச்சம் கிடைக்கின்றது. ஆகவே மறுசுழற்சி பயனற்றது என்று எவரும் கூறினால் நம்ப வேண்டா. அது நல்ல வழியே.

ஆயினும் அந்த நன்மை கைக்கு எட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. போத்தல் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். சுத்தமாகப் போய்ச் சேர வேண்டும். இங்கேதான் ஈசூனும் ஏனைய நகர்களும் நமக்குப் பாடம் புகட்டுகின்றன. சிங்கப்பூர் 2001இல் தேசிய மறுசுழற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழே நீலத் தொட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. மக்கள் படித்தவர்கள், சாலைகள் சிறந்தவை, லாரிகள் தவறாது வருகின்றன. அவ்வளவு வசதியிருந்தும், 2022இல் அந்நாட்டில் உண்டான ஏறக்குறைய 10 இலட்சம் டன் பிளாஸ்டிக் கழிவில் 6 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சிக்குச் சென்றது. 2023இல் அது 5 விழுக்காடாயிற்று. நீலத் தொட்டிகளில் விழுவனவற்றில் ஏறக்குறைய 40 விழுக்காடு, உணவு எச்சமும் திரவமும் பட்டோ, தொட்டிக்குரியதல்லாத பொருளாகவோ இருப்பதால் மறுசுழற்சிக்கு உதவாமற் போகின்றது என்று அந்நாட்டுத் தேசிய சுற்றுப்புற வாரியம் தெரிவித்துள்ளது.

இது ஏன் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெண்மையான பாலுக்குக் கிடைக்கும் விலை, பட்டையும் மணலும் கலந்த ஒட்டுப்பாலுக்குக் கிடைப்பதில்லை. அழுக்குச் சேரச் சேர ஆலையில் அதனைக் கழுவவும் அரைக்கவும் கூடுதல் தண்ணீர், கூடுதல் மின்சாரம், கூடுதல் ஆள் வேண்டும். பிளாஸ்டிக்கும் அவ்வாறே. குழம்பு ஒட்டிய ஒரு பெட்டி, பக்கத்திலிருக்கும் பத்துக் காகிதத்தையும் கெடுத்துவிடும். அன்றியும், பிளாஸ்டிக் பல வகைப்படும். போத்தல் ஒரு வகை. அதன் மூடி வேறொரு வகை. தயிர்க் குவளை மற்றொரு வகை. ஒன்றோடொன்று கலந்து உருக்கினால் வலிமை குன்றிய சரக்கே கிடைக்கும். போத்தலாக இருந்தது நாராகவோ பாயாகவோ மாறி, அடுத்த முறை குப்பைக்கே போகும்.

லாரிப் பயணத்திற்கே மிகுந்த எரிசக்தி செலவாகின்றது என்று சிலர் கூறுவர். கணக்கிட்டுப் பார்த்தால் அது பெரிய செலவன்று. நிறைந்த லாரி ஒரு டன் சரக்கை நூறு கிலோமீட்டர் கொண்டு செல்ல ஆகும் எரிபொருளை ஒரு கிலோகிராமுக்குப் பங்கிட்டால், ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்களவே வரும். 22 யூனிட்டோடு ஒப்பிட்டால் அது சிறு துளி. நசுக்காத போத்தல்களை ஏற்றிக் காற்றைச் சுமந்து செல்லும் லாரிக்கு அச்செலவு பல மடங்காகும் என்பது உண்மையே. ஆயினும் மறுசுழற்சியை வீணாக்குவதில் லாரியைவிட அழுக்கிற்கும் அசட்டைக்குமே பங்கு அதிகம்.

எஞ்சிய பிளாஸ்டிக் எங்கே போகின்றது? சிங்கப்பூரில் பெரும்பகுதி எரியுலைக்குச் செல்கின்றது. ஈசூனுக்கு அணித்தாகச் செனோக்கோவில் 1992இல் தொடங்கப்பட்ட எரியாலை அவற்றுள் ஒன்று. எரிப்பதால் குப்பையின் கனஅளவு பத்தில் ஒன்றாகக் குறைகின்றது. வெப்பத்திலிருந்து மின்சாரமும் கிடைக்கின்றது. சாம்பலைக் கப்பலேற்றிச் செமக்காவ் தீவில் கொட்டுகின்றனர். 1999இல் தொடங்கப்பட்ட அந்தக் கிடங்கு 2035 அளவில் நிரம்பிவிடும் என்று அந்நாட்டு அரசாங்கமே மதிப்பிட்டுள்ளது. நாட்டின் ஒரே குப்பைக் கிடங்கு அது.

எரித்து மின்சாரம் எடுப்பது இலாபந்தானே என்று நீங்கள் வினவலாம். பை செய்யப் பயன்படும் பாலித்தீன் ஒரு கிலோகிராமை உண்டாக்க ஏறக்குறைய 21 யூனிட் ஆகின்றது. அதனை எரித்தால் 12 யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். அவ்வெப்பத்தில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கே மின்சாரமாகும். ஆக, 21 யூனிட் செலவழித்துச் செய்த பொருளிலிருந்து இரண்டரை அல்லது மூன்று யூனிட் மின்சாரம் திரும்பி வருகின்றது. வீட்டை இடித்து விறகாக்கிக் குளிர்காய்வது போன்றதே இது. ஒழுங்கான எரியாலையின் நிலையே இவ்வாறெனில், லயத்தின் பின்புறம் குவித்துத் தீ மூட்டுவதில் என்ன கிடைக்கும்? மின்சாரம் ஒரு யூனிட்டும் கிடைக்காது. நச்சுப் புகையே கிடைக்கும். குழாய், மழைக்கோட்டு போன்றவற்றில் உள்ள பி.வி.சி. வகை எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டாகக்கூடும். அதனைச் சுவாசிப்போர் நம் குழந்தைகளும் முதியோருமே. மேலும், திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நம் நாட்டில் தடைசெய்துள்ளது என்பதையும் நினைவிற்கொள்க.

தோழர்களே! இனி, மூன்று வழிகளையும் ஒருங்கே நிறுத்தி ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லயத்துக் குடும்பங்கள் நூறு முறை ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கின்றன எனக் கொள்வோம்.

நூறு முறையும் புதுப் போத்தல் வாங்கினால் 66 யூனிட் ஆகும். அந்த நூறு போத்தலும் தவறாது சுத்தமாக மறுசுழற்சி ஆலைக்குப் போனால் 52 யூனிட் மிச்சமாகும். ஆனால் பிளாஸ்டிக் முழுமைக்கும் சிங்கப்பூர் 2023இல் கண்ட 5 விழுக்காட்டையே போத்தலுக்கும் வைத்துப் பார்த்தால், ஐந்து போத்தல் மட்டுமே ஆலை சேரும். மிச்சம் மூன்று யூனிட்டிற்கும் குறைவு.

ஒவ்வொரு போத்தலையும் கழுவி இன்னும் ஒரே ஒரு முறை நிரப்பினால் என்ன ஆகும்? நூறுக்குப் பதில் ஐம்பது போத்தல் போதும். 33 யூனிட் மிச்சம். அதற்கு ஆலை வேண்டா, லாரி வேண்டா, தொட்டியும் வேண்டா. 150 கிராம் எடையுள்ள உறுதியான போத்தல் ஒன்றை வாங்கி நூறு முறையும் அதனையே நிரப்பினால், மொத்தச் செலவு 3.3 யூனிட் அளவே ஆகும். அதன் பின்னரும் அப்போத்தல் இருக்கும்.

நம் தோட்டங்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்வழக்கம். அச்செலவையும் சேர்க்கத்தானே வேண்டும்? ஒன்றரை லிட்டரைக் கொதிக்க வைக்க, அடுப்பில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து, ஏறக்குறைய கால் யூனிட் ஆகும். அப்போதும் அது புதுப் போத்தலின் செலவில் பாதிக்கும் குறைவே.

ஆகவே கணக்குச் சொல்லும் முடிவு தெளிவானது. மீண்டும் பயன்படுத்துதல் முதலிடம், பயன்படாத நிலை வந்தபின் சுத்தமாக மறுசுழற்சிக்குத் தருதல் இரண்டாமிடம், எரித்தல் கடைசி.

எனினும் மீண்டும் பயன்படுத்துதல் என்று பெயர் சூட்டப்பட்ட அனைத்தும் சிக்கனமாகிவிடா. இதனைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2020இல் பைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டனர். துணிபோல் தோன்றும் பாலிபுரோப்பிலீன் பை, ஒருமுறைப் பைக்கு ஈடாக வேண்டுமானால் நான்கு முறையேனும் பயன்பட வேண்டும் என்று அவ்வாய்வு கண்டது. பருத்திப் பையின் நிலை வியப்பளிக்கும். ஐம்பது முறை பயன்படுத்தினாலும், அதே அளவு பயன்பட்ட பாலிபுரோப்பிலீன் பையைவிடப் பத்து மடங்கிற்கு மேல் புவிவெப்பத்தைக் கூட்டும் தன்மை அதற்கு இருந்தது. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும், நூற்று நெய்து சாயமேற்ற எரிசக்தியும் வேண்டியிருப்பதே காரணம். பிரிட்டனில் 2011இல் வெளியிடப்பட்ட அரசாங்க ஆய்வொன்றும், பருத்திப் பை 131 முறை பயன்பட்டால்தான் மெல்லிய ஒருமுறைப் பைக்கு ஈடாகும் என்று கணித்தது.

இதனால் பருத்திப் பை தீயது என்பது பொருளன்று. வீட்டில் இருக்கும் பையைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். இலவசமாகக் கிடைக்கின்றதென்று புதிது புதிதாக வாங்கிக் குவிக்காதீர்கள் என்பதே பொருள். பழைய சேலையிலோ கால்சட்டையிலோ தைத்த பைக்குப் பருத்தியைப் புதிதாக விளைவிக்க வேண்டியதில்லை. அதற்கு நிகரான பை வேறில்லை. கடையில் வாங்கிய மெல்லிய பையும் வீட்டில் ஈரக் குப்பை கட்ட உதவினால் இரண்டாம் பயன் பெற்றதாகின்றது. ஈசூன் போன்ற அடுக்குமாடி நகர்களில் குப்பையைக் கட்டித்தான் குழாய்வழித் தள்ள வேண்டும். ஆதலால் அங்கே அப்பைகளுக்கு அந்த வேலை எப்போதும் உண்டு.

கழுவுவதிலும் அளவு வேண்டும். 28 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரை 60 பாகைக்குச் சூடேற்ற ஏறக்குறைய 0.04 யூனிட் ஆகும். 30 கிராம் எடையுள்ள ஒருமுறைச் சோற்றுப் பெட்டியைச் செய்ய 0.6 யூனிட்டிற்குச் சற்று மேல் ஆகின்றது. ஆகவே ஒரு பெட்டியைக் கழுவ 16 லிட்டர் வெந்நீரைக் கொட்டினால் ஆதாயம் அனைத்தும் சாக்கடையில் போய்விடும். குளிர்நாடுகளில் இது பெருங்கவலை. நமக்கோ இயற்கையே துணை நிற்கின்றது. நம் குழாய்நீரே வெதுவெதுப்பானது. எண்ணெய்ப் பசை காயுமுன் சாம்பலோ சவர்க்காரமோ இட்டுத் தேய்த்து, ஒரு லிட்டர் தண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும். கதிரவனுக்குக் கட்டணம் இல்லை.

நினைவில் வைத்துக்கொள்ள எளிய விதி ஒன்று சொல்கின்றேன். ஒருமுறைப் பொருளைப்போல் எத்தனை மடங்கு எடையுள்ளதோ, அத்தனை முறைக்கு மேல் உறுதியான பொருள் பயன்பட வேண்டும். ஒருமுறைப் பெட்டி 30 கிராம், உறுதியான பெட்டி 150 கிராம் என்றால், ஆறாவது முறையிலிருந்து ஆதாயம் தொடங்கும். அலமாரியில் அழகுக்காக அடுக்கி வைத்த பெட்டிக்கு எக்காலத்தும் ஆதாயம் இல்லை.

இனி, மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்றைக் கூற வேண்டும். உங்கள் உயிர் பற்றியது இது. எல்லாப் பாத்திரமும் மீண்டும் பயன்படத் தக்கதன்று. களைக்கொல்லி, பூச்சிமருந்து, பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் ஆகியவை வந்த கலன்கள் பார்வைக்கு உறுதியாகவும் அழகாகவும் இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் தண்ணீரோ எண்ணெயோ அரிசியோ வைத்தல் ஆகாது. அவற்றை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, கலனைத் துளையிட்டுத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதைப்போலவே, மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பதும் பெருங்கேடு. குழந்தைக்கு அது மருந்தெனத் தெரியாது, போத்தலைத்தான் தெரியும். எரிசக்திச் சிக்கனத்திற்காக இந்த எல்லையை எவரும் தாண்டலாகாது.

சூட்டையும் கவனிக்க வேண்டும். பொருளின் அடியில் முக்கோணத்திற்குள் எண் பொறித்திருப்பதைக் காணலாம். 1 என்றிருந்தால் அது தண்ணீர்ப் போத்தல் வகை. கொதிநீர் ஊற்றினால் நெளிந்துவிடும். 5 என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன், சூடு தாங்கக்கூடியது, மீண்டும் பயன்படுத்த ஏற்றது. கீறல் விழுந்து நாற்றம் பிடித்த எந்தப் பொருளையும் உணவிற்கு எடுக்காமல், ஆணிப் பெட்டியாகவோ நாற்றுத் தொட்டியாகவோ ஆக்கிக்கொள்ளலாம். நாற்றுத் தொட்டிக்கு அடியில் துளையிட மறவாதீர்கள். தேங்கிய நீரில்தான் டெங்கிக் கொசு முட்டையிடும்.

மக்கள் பழக்கம் மாறுமா என்று ஐயுறுவோர்க்கும் அந்நாடு விடையளிக்கின்றது. 2023 ஜூலை 3 முதல் சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகள் பை ஒன்றிற்குக் குறைந்தது ஐந்து காசு வசூலிக்கத் தொடங்கின. அதன்பின் அக்கடைகளில் பைப் பயன்பாடு 70 முதல் 80 விழுக்காடு வரை குறைந்தது என்று அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. ஐந்து காசு ஒருவரையும் ஏழையாக்கவில்லை. ஆனால் 'பை வேண்டுமா?' என்று ஒருகணம் எண்ண வைத்தது. நம் நாட்டில் பினாங்கு 2011இலேயே இலவசப் பைகளை நிறுத்தி வழிகாட்டியது. பானப் போத்தலுக்கும் டப்பாவிற்கும் பத்துக் காசு முன்பணம் பெற்று, திருப்பித் தருவோர்க்கு அதனை மீட்டளிக்கும் திட்டத்திற்கான சட்டத்தைச் சிங்கப்பூர் 2023இல் நிறைவேற்றி, 2026 ஏப்ரல் முதல் நாளை அதன் தொடக்கமாகக் குறித்தது. கண்ணாடிப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு பெற்ற பழக்கம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வீடு வீடாகச் சென்று பழைய பொருள் வாங்கும் காராங் கூனிக்காரரும் இதே அறிவையே தொழிலாகக் கொண்டவர். புதுச் சட்டம் பழைய அறிவை மீட்டெடுக்கின்றது.

இவற்றால் நமக்கென்ன என்று எண்ணுவோரும் இருக்கலாம். 2018இல் சீனா அயல்நாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியபோது, அக்கழிவு நம் நாட்டுத் துறைமுகங்களை நோக்கித் திரும்பியது. சிலாங்கூரின் ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. உருக்க இயலாத கழிவை இரவில் எரித்த புகையால் மக்கள் அல்லலுற்றனர். கெடாவின் சுங்கை பட்டாணியிலும் மக்கள் முறையிட்டனர். அவ்வாலைகளில் பல பின்னர் மூடப்பட்டன. 2019இல் மலேசிய அரசாங்கம் பல நாடுகளின் கழிவைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. 2025 ஜூலை முதல் இறக்குமதி விதிகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. எங்கோ ஒரு நகரத்தில் 'மறுசுழற்சி' என்ற பெயரில் தொட்டியில் விழுந்த அழுக்குப் பிளாஸ்டிக், நம் போன்றோர் வாழும் ஊர்ப்புறத்தில்தான் புகையாக எழுந்தது. ஆகவே இக்கணக்கில் நாமும் ஒரு தரப்பினரே.

ஒவ்வொரு தோட்டமும் உடனே செய்யத்தக்க நான்கு செயல்களைக் கூறி என் உரையை முடிக்கின்றேன்.

முதலாவது, கோயில் திருவிழாக்கள். ஈசூனில் உள்ள புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பங்குனி உத்திரம் சிறப்பாகக் கொண்டாடப்படுவதை நீங்கள் அறிவீர்கள். நம் தோட்டத்துக் கோயிலிலும் திருவிழா உண்டு. தண்ணீர்ப் பந்தல் உண்டு. ஐந்நூறு பேர் ஆளுக்கு மூன்று குவளை எடுத்தால் 1,500 குவளை. ஒரு குவளை ஐந்து கிராம் எனக் கொண்டால், அவற்றைச் செய்ய ஏறக்குறைய 150 யூனிட் எரிசக்தி ஆகியிருக்கும். கோயில் குழு இருநூறு எவர்சில்வர் குவளைகளை ஒருமுறை வாங்கி வைத்தால், அவை பல ஆண்டுத் திருவிழாக்களுக்கும், அங்கே நடைபெறும் திருமணங்களுக்கும் உதவும். கழுவும் பணியை இளைஞர் மன்றத்தார் ஏற்கலாம்.

இரண்டாவது, சாப்பாடும் தேநீரும். சூடான தேநீரை மெல்லிய பையில் கட்டி வாங்குவதைவிட, பெரட்டுக்குப் புறப்படும்போதே தூக்கோ குடுவையோ கொண்டு செல்வது நன்று. அடுக்குத் தூக்கு நம் முன்னோர் கையிலிருந்தது. அதனை நாணத்திற்குரியதாகக் கருத வேண்டா.

மூன்றாவது, பைகள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு உறுதியான பைகள் கதவருகே தொங்கட்டும். தோட்டக் கடைக்காரரும் பையோடு வருவோர்க்கு முகமலர்ச்சியோடு பொருள் வழங்குவாராக.

நான்காவது, மறுசுழற்சி. பயன்பட்டுத் தேய்ந்த போத்தல்களை அலசி, நசுக்கி, லயத்திற்கு ஒரு சாக்கில் சேர்த்து, மாதம் ஒருமுறை பழைய பொருள் வாங்குவோரிடம் விற்கலாம். சுத்தமான சரக்கிற்கு விலையுண்டு. அத்தொகை பாலர் பள்ளிக்கோ விளையாட்டுக் குழுவிற்கோ பயன்படட்டும்.

அன்பர்களே! எரிசக்தி என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். அது எண்ணெயாக நிலத்தடியில் இருந்தபோதும் நாம் கண்டதில்லை. பையாக வந்து காற்றில் பறந்தபோதும் அதன் மதிப்பை உணர்ந்ததில்லை. ஆனால் ஒரு சொட்டுப் பாலையும் மண்ணில் சிந்தவிடாமல் வாளியில் சேர்க்கும் கைகள் உங்கள் கைகள். அதே கவனத்தை வீட்டுப் போத்தலின்மீதும் செலுத்தினால், செலவு குறையும்; வாய்க்கால் தூய்மையாகும்; லயத்தைச் சுற்றிப் புகை அகலும். நம் பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசிப்பர்.